அமெரிக்கா வெளிச்சத்தில் கொடுத்த சம்மதம்

சமபுலா, சுவா
1962 ஜூலை

கடல் தாண்டி சவுசவுவில் கொப்பரைக் கடை வைத்திருக்கும் என் மச்சான் நிசாம் அவர்களுக்கு, சமபுலா யூசுப் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை ஹலீமாவும் மகள் சல்மாவும் ஆண்டவன் கிருபையால் நலம். ஆடு மட்டும் நலமில்லை, காரணம் பின்னால் வரும். அங்கே நீங்களும் மகன் காசிமும் வீட்டில் மற்றவர்களும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

நிற்க. நமக்குள் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. காசிமுக்கு சல்மாவைக் கேட்டு நீங்கள் வந்தபோது, கப்பலில் வேலை பார்க்கிறவனை நம்பிப் பெண் கொடுக்க மாட்டேன் என்று நான் சொன்னதும், நீங்கள் டீயைத் தொடாமல் எழுந்து போனதும் ஊரறிந்தது. அப்படிப்பட்ட என்னிடமிருந்து 'சம்மதம், நாள் குறிக்கவும்' என்று உங்களுக்கு ஒரு தந்தி வந்திருக்கும். அந்தத் தந்தி செல்லுமா செல்லாதா என்று எனக்கே விளங்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தந்திக்கு முந்தின நாள் ராத்திரி இசா தொழுதுவிட்டு வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று வானத்தில் ஒரு வெளுப்பு, அப்புறம் பச்சை, அப்புறம் கிழக்கே முழுக்க உரித்த ஆட்டைப் போல ஒரே சிவப்பு. இடி இல்லை, காற்று இல்லை, ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. உலகம் அழியும் கியாமத் நாளைப் பற்றிச் சிறு வயதில் கேட்டதெல்லாம் ஒரே மூச்சில் ஞாபகம் வந்தது. நான் போட்ட கூச்சலில் ஹலீமா ரொட்டி மாவுக் கையோடு ஓடிவந்து, மேலே பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாயில்லாப் பிராணி கயிற்றோடு சாக வேண்டாமே என்று ஆட்டை அவிழ்த்துவிட்டேன். அது நேராக அடுத்த வீட்டுக் கத்தரித் தோட்டத்துக்குள் நுழைந்து, இன்றுவரை வயிறு உப்பிக் கிடக்கும் அளவுக்குத் தின்றது. தோட்டம் தென்னிந்தியர் சங்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் பாலசுப்பிரமணியுடையது. உலகம் முடிகிற நேரத்தில் கத்தரிக்காயை யார் பார்ப்பார்கள், அவர் முருகன் படத்தைக் கட்டிக்கொண்டு வேலியோரம் நடுங்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஹலீமா ஆரம்பித்தாள். "கடைசி நேரத்துலயாவது மனசு இறங்குங்க. எங்க அண்ணன்கிட்ட பகையோடவே போகப் போறீங்களா? புள்ள மனசையும் நோகடிச்சுட்டா போகப் போறீங்க?"

சல்மா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. "குடுத்தேன்! காசிமுக்கே குடுத்தேன்! ஆண்டவன் சாட்சி, வாத்தியார் சாட்சி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "சாட்சி, சாட்சி" என்றார் வாத்தியார்.

சற்று நேரத்தில் சிவப்பு மங்கியது. நட்சத்திரங்கள் வந்தன. தவளைகள் கத்த ஆரம்பித்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டு எல்லோரும் நின்றோம். உலகம் பழையபடியே இருந்தது, சம்மதம் மட்டும் புதிதாக இருந்தது. காலையில் நான் டீ குடிப்பதற்குள் சல்மா தபாலாபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அரிசி வாங்கிவரச் சொன்னால் அரை நாள் எடுக்கிற பெண்.

அதற்குப் பிறகு வாத்தியார் செய்தித்தாளோடு வந்தார்.

"யூசுப் பாய், அது கியாமத்து இல்ல. அமெரிக்காக்காரன் வேல. வடக்கே ஒரு தீவுலேருந்து ராக்கெட்டுல குண்ட ஏத்தி வானத்துல வெடிச்சுப் பாத்திருக்கான்."

"எதுக்கு?"

"உலக அமைதிக்கு."

சரியாகக் காதில் விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன். அதையே சொன்னார். போன சண்டைக்குப் பிறகு உலகத்தை ஒழுங்காக வைத்திருக்க ஒருவன் வேண்டுமாம், இருப்பதிலேயே பெரியவன் அமெரிக்காவாம். அவன் வெடித்தால் ரஷ்யாக்காரன் பயப்படுவானாம், பயந்தால் சண்டை வராதாம், சண்டை வராவிட்டால் அமைதியாம். "வானம் அமைதியாத்தானேய்யா இருந்துச்சு?" என்றேன். "அங்க ராஜா கிடையாது பாய், ஜனங்க ஓட்டுப் போட்டு ஆள வைக்கிறாங்க" என்றார். நான் கேட்டதற்கு இதுதான் பதிலா என்று யோசிப்பதற்குள் ஹலீமா அடுப்படியிலிருந்து, "பொம்பளைங்களுக்கும் ஓட்டு உண்டா?" என்றாள். "உண்டும்மா, இங்கதான் இன்னும் இல்ல." "அப்போ அவங்களும் சேர்ந்துதான் இதுக்கு ஓட்டுப் போட்டாங்களா? நம்மள ஒரு வார்த்த கேக்கலியே?" வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கத்தரிச் செடிகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசிவிட்டுப் போனார்.

கியாமத் இல்லையென்றால் சம்மதமும் இல்லை என்றேன் ஹலீமாவிடம். "ஆண்டவன் முன்னால சொன்னீங்க" என்றாள். "இல்லடி, அமெரிக்காக்காரன் முன்னாலதான் சொல்லியிருக்கேன்!" அன்றிலிருந்து சோறு வருகிறது, பேச்சு வருவதில்லை.

சரி, வெளிச்சம் போட்டவனிடமே கேட்டுவிடுவோம் என்று பெருநாள் கோட்டை மாட்டிக்கொண்டு சுவா டவுனில் இருக்கும் அமெரிக்கா அரசாங்கத்துத் துரையின் ஆபீசுக்குப் போனேன். பஸ் கண்டக்டராக இருந்த எனக்கு டிக்கெட்டுக்கும் சில்லறைக்கும் மேலே இங்கிலீஷ் ஏது? வாத்தியாருக்கோ பள்ளிக்கூடம். ஆகவே சல்மாவைக் கூட்டிப்போனேன். மச்சான், என் புத்தி மழுங்கியது அங்கேதான்.

துரை சின்ன வயது, நல்ல உயரம். "புலா" என்று இந்த ஊர்க்காரர் மாதிரியே முகமன் சொல்லி, நாற்காலி போட்டு, காப்பி கொடுத்தார். "கேளும்மா, உங்க வெளிச்சத்துல பயந்துபோயி ஒருத்தன் குடுத்த வாக்கு செல்லுமா?" என்றேன். சல்மா குட்டியாக ஏதோ சொன்னாள். அவரோ எழுந்து சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் ரஷ்யாவைக் காட்டினார், ஜப்பானைக் காட்டினார், நெஞ்சில் கை வைத்தார், வெகுநேரம் பேசினார்.

"என்ன சொல்றாரு?"

"வாக்கு குடுத்தா காப்பாத்தணும்னு சொல்றாரு வாப்பா."

"இவ்வளவு நேரமும் அதையா சொன்னாரு?"

"ஹான், ஆமா வாப்பா. பெர்லின்ல குடுத்த வாக்க அவங்க இன்னும் காப்பாத்துறாங்களாம்."

"ஏன் எங்கள முன்னாடியே கேக்கலன்னு கேளு."

அதை அவள் கேட்டதும் துரை திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார். மெதுவாக "சாரி" என்றார். அது மட்டும் எனக்கு நேராகவே புரிந்தது. வாசல்வரை வந்து என் கையைக் குலுக்கி, "கங்கிராஜுலேஷன்" என்றார். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. பஸ்ஸில் சல்மாவிடம், "நெசமாவே வாக்கப் பத்தி சொன்னாரா?" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "கொஞ்சம் சொன்னாரு" என்றாள்.

வீட்டுக்கு வந்து புலம்பியபோது ஹலீமா வாய் திறந்தாள். "உங்கள கேக்கலன்னு கோட்டு போட்டுட்டு டவுன் வரைக்கும் போனீங்களே, நீங்க அவள கேட்டீங்களா?" இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் மச்சான்? ராத்திரி அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஆகையால், எனக்கு ஒரு தெளிவு வரும்வரை அந்தத் தந்தி வரவில்லை என்றே வைத்துக்கொண்டு கல்யாணப் பேச்சை நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கொப்பரை மழையில் நனையாமல் காயவும், வீட்டில் அனைவருக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கவும் ஆண்டவன் அருள்வானாக.

இப்படிக்கு,
யூசுப்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் சத்தம். பார்த்தால் தந்தி கண்டதும் கப்பலேறி நீங்களே வந்து நிற்கிறீர்கள், பக்கத்தில் காசிம். நீங்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள், நான் கொல்லையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காசிம் இப்போதுதான் தனியாக வந்து என் கையைப் பிடித்தான். "மாமா, அன்னிக்கு நான் கடல்ல இருந்தேன். தண்ணியெல்லாம் செவப்பு. உசிரோட கரை ஏறினா உங்க கையப் புடிச்சு நேர்ல கேப்பேன்னு மனசுக்குள்ள நிய்யத்து வச்சேன்." நான், "மறுநாளே அது குண்டுன்னு தெரிஞ்சிருக்குமே?" என்றேன். "தெரிஞ்சுச்சு மாமா." "அப்புறம் ஏன் வந்தே?" "சொல்லிட்டேனே மாமா."

சல்மாவைக் கூப்பிட்டு, உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். ஆகவே மேலே எழுதியது எல்லாம் ரத்து. இதை வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால், நீங்கள் ஊருக்குத் திரும்பக் கப்பலேறும்போது இந்தக் கடிதத்தைக் கையில் கொடுக்கிறேன். நாள் நீங்களே குறியுங்கள். ஒன்று மட்டும், நிக்காஹ் நல்ல பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும். ராத்திரியில் அவர்கள் மறுபடி எதையாவது கொளுத்தினால், மாப்பிள்ளை பயத்தில் சம்மதம் சொன்னான் என்று பின்னால் யாரும் பேசக் கூடாது.