குளவிக்கு ஒரு பிளாஸ்டிங்

"ஞாயித்துக்கிழமை காலையில பிளாஸ்டிங்," என்று தம்மபாலன் அறிவித்தபோது லீலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"எதுக்கு?"

"குளவிக்கு."

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் அவர்களுடைய லைன் வீட்டுக்குப் பின்னால், பாத்ரூம் கூரை ஷீட்டுக்கு அடியில் குளவி கூடு கட்டியிருந்தது. முதலில் எலுமிச்சங்காய் அளவு. அப்புறம் தேங்காய் அளவு. இப்போது ஹெல்மெட் அளவு. வீட்டில் எல்லாரும் குனிந்து போய்க் குனிந்து வந்தார்கள். சுரங்கத்து சாஃப்டில் இறங்கி வெடி வைத்துப் பாறையைப் பிளந்த மனிதர் சொந்த பாத்ரூமுக்குக் குனிந்து போவதா?

சுரங்கம் மூடியபின் தம்மபாலன் தினமும் ரயிலேறிப் போய், பெங்களூரில் ஓர் அபார்ட்மென்ட் வாசலில் நின்றார். பாறைக்கு வெடி வைத்த கை, கார்களுக்கு சல்யூட் வைத்தது. இப்போது அதுவும் இல்லை, ஓய்வு. உண்மையைச் சொன்னால் அவருக்குக் குளவி மேல் கோபமே கிடையாது. யாராவது தன்னை இன்னும் ஒரே ஒரு தடவை, "ஜாக்கிரதை" என்று சொல்லி வேலைக்கு அனுப்ப மாட்டார்களா என்ற ஏக்கம்தான்.

"டாக்டர் இன்னா சொன்னாரு, மறந்துட்டீங்களா?" என்றாள் லீலா.

போன வருஷம் ஒரே ஒரு குளவிதான் கொட்டியது. முகம் பூசணிக்காயாகி, தொண்டை அடைத்து, மூச்சுக்குத் திணறியவரைப் பக்கத்து வீட்டு ஹரோல்ட்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இன்னொரு தடவை கொட்டினால் உயிருக்கே ஆபத்து, கிட்டேயே போகாதீர்கள் என்றார் டாக்டர். தெருவில் தம்மபாலன் சொன்னது வேறு: "கொசு கடிச்சா மாதிரி இருந்துச்சு."

"அந்த டாக்டருக்கு இன்னா தெரியும்? அவரு அண்டர்கிரவுண்டு போயிருக்காரா?"

"வாரா வாரம் புத்தருக்கு முன்னால பஞ்சசீலம் சொல்றீங்களே, எந்த உயிரையும் கொல்ல மாட்டேன்னு?"

"போன வர்சம் என்னைக் கொட்டறப்போ அது பஞ்சசீலம் சொல்லிச்சா?"

லீலா கீரையைக் கீழே வைத்தாள். "நீங்க கீழ போன காலத்துல, சங்கு ஊதி, கேஜ் லிஃப்ட்ல மேல ஏறி, வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கினதில்ல. அந்தச் சுரங்கமே திருப்பிக் குடுத்த ஆளு நீங்க. உங்களை ஒரு குளவிக்குத் தூக்கிக் குடுப்பேனா?"

தம்மபாலன் அவள் கீழே வைத்த கீரையை எடுத்துத் தானே ஆய ஆரம்பித்தார். ஆனால் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கொட்டினால் தேள், கொட்டாவிட்டால் பிள்ளைப்பூச்சி. பிள்ளைப்பூச்சியாக அவருக்கு மனசில்லை.

மறுநாள் லீலாவே வந்தாள்.

"சரி, பண்ணுங்க. ஆனா மைன் ரூல்படி பண்ணணும்."

அவர் மீசை தானாக நிமிர்ந்தது. "சொல்லு."

"நெருப்பு கூடாது. எல்லாம் தட்டிச் சுவரு, லைனே எரிஞ்சிடும். கம்பு மட்டும்தான். தலைக்கு ஹெல்மெட். மூஞ்சிக்குக் கொசுவலை. காலுக்கு ரப்பர் கம்பூட்ஸ்."

"கம்பூட்ஸ் இல்லியே."

"சனிக்கிழமை சாயங்காலம் ராபர்ட்சன்பேட்டை போய் வாங்கினு வாங்க. கெடச்சதை சொம்மா வாங்காதீங்க. நாலு கடை ஏறி, போட்டு நடந்து பாத்து வாங்கணும். இருட்டினாலும் பரவாயில்ல."

கல்யாணமான நாளிலிருந்து லீலா, "இருட்டினாலும் பரவாயில்ல" என்று சொன்னதே கிடையாது. அங்கேயே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

சனிக்கிழமை இருட்டிய பிறகு பூட்ஸோடு திரும்பும்போது, தெருமுனையில் இரண்டு பேர் பைக்கில் எதிரே வந்தார்கள். கழுத்தில் வலை வைத்த தொப்பி தொங்கியது. பின்னால் இருந்தவன் வாய் கட்டிய மூட்டையைக் குழந்தையைப் போலப் பிடித்திருந்தான். மீன் பிடிக்கிறவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கோரமண்டலில் மீன் ஏது என்று நினைக்கவில்லை.

வீட்டில் அடுப்பில் மைதா கொதித்துக்கொண்டிருந்தது. தரை முழுக்கக் கிழித்த பிரவுன் பேப்பர்.

"இன்னா இது?"

"ஹரோல்ட் அண்ணன் பேத்திக்கு ஸ்கூல் பிராஜெக்ட். பூச்சிங்க எப்படி வீடு கட்டுதுன்னு."

"நல்லா படிக்கட்டும்," என்று ஆசீர்வதித்துவிட்டுப் பூட்ஸைப் போட்டு நடந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாதித் தெரு கூடியிருந்தது. அந்தக் காலத்தில் கேஜ் ஏற்றி இறக்கிய ஹரோல்ட், விசிலோடு வந்து நின்றார். தம்மபாலன் ஹெல்மெட், கொசுவலை, கம்பூட்ஸ் சகிதம் கம்பை எடுத்தார்.

"ஜாக்கிரதைங்க," என்றாள் லீலா. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று தம்மபாலன் உருகிப்போனார்.

விசில் ஊதியது. கம்பால் ஒரு குத்து. சத்தமே இல்லை.

கொசுவலையைத் தூக்கிக்கொண்டு, "மிஸ்ஃபயரா?" என்று கத்தினார்.

"மிஸ்ஃபயர்னா டேஞ்சர் மேன்! இன்னொண்ணு போடு!" என்றார் ஹரோல்ட்.

போட்டார். புதுப் பூட்ஸ் வழுக்கியது. கூடு முதலில் விழுந்தது, அதன் மேல் தம்மபாலன் குப்புற விழுந்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு குளவிகூட வரவில்லை. மெதுவாக எழுந்தார். மீசையில் மண் ஒட்டவில்லை. வேறு ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. குளவியின் எச்சில் என்று முடிவு செய்தார்.

"பாத்தீங்களா? ஒண்ணுகூட நிக்கல. என் பேரைக் கேட்டே வீட்டைக் காலி பண்ணினு ஓடிடுச்சுங்க!"

ஹரோல்ட் கைதட்டினார். தெருவே கைதட்டியது. தம்மபாலனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சுரங்கத்திலிருந்து கடைசியாக மேலே ஏறி வந்த அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை. அவரவர் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போனார்கள்.

நசுங்கிய கூட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

"லீலா! இத்த ஹால்ல மாட்டப்போறேன். ஒரு ஆணி குடு."

லீலா ஆணியும் சுத்தியும் கொண்டுவந்து கொடுத்தாள். முந்தானையால் அவர் மீசையைத் துடைத்துவிட்டாள்.

"சாயங்காலமா மாட்டுங்க. மைதா பசை இன்னும் காயல."