தொடர்பாடலுக்கு எதிராக ஒரு மௌன விரதம்

மனைவியின் மனத்தை மாற்ற உலகத்தில் எத்தனையோ வழிகள் இருக்கின்றன. ஒன்றாவது சரிவந்ததாக இதுவரை தகவல் இல்லை. இது தெரிந்தும் அன்புவழிபுரத்துச் சிவரூபன் பௌர்ணமிப் போயா விடுமுறையன்று மத்தியானம், சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடியே, ஒரு மாபெரும் முடிவை எடுத்தான். கீர்த்தனி தன் பட்டப்படிப்பைக் கைவிடும் வரைக்கும் வீட்டில் வாய் திறப்பதில்லை!

அப்படி என்ன படிப்பு? தொடர்பாடலும் பண்பாடும். வெளிவாரிப் பட்டம், சனி ஞாயிறு வகுப்பு. "ஆசைக்குப் படியன்" என்று பெருந்தன்மையாக அனுப்பிவைத்தவன் அவனேதான். சனி ஞாயிறு சமையல் அவன் தலையில் விழுந்தது. அதைத் தாங்கினான். பிறகு அவன் வாயிலிருந்து விழுகிற ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் பாடமாகியது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றைக்குப் பாருங்கள், பாவம், வாயைத் திறந்து ஒரே ஒரு வசனம்தான் சொன்னான்.

"சொதி கொஞ்சம் தண்ணியாக் கிடக்கு."

"இதில ரெண்டு செய்தி இருக்கு," என்றாள் கீர்த்தனி. "ஒண்டு, சொதி தண்ணி. மற்றது, உங்கட அம்மா வைச்சா இப்பிடி இராது."

"அம்மாவைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லையே!"

"நீங்கள் சொல்லேல்லை. உங்கட புருவம் சொன்னது."

"புருவம் சொல்லுறதுக்கு நான் பொறுப்பில்லை!"

"பாத்தீங்களே, குரல் உயருது. இதுக்குப் பேர் இரைச்சல். செய்தியைப் போய்ச் சேர விடாது."

"என்ர கதை உனக்கு இரைச்சலோ? துறைமுகத்தில கப்பலுகளோட றேடியோவில கதைக்கிறவன் நான்! என்ர கதை விளங்காமல் ஒரு கப்பலாவது கல்லில ஏறினதோ?"

"கப்பலுக்குச் சொல்லுறது கட்டளை. வீட்டில அது சரிவராது."

"இது தொடர்பாடல் இல்லை, தொடர் பாடல்! விடியத் தொடங்கினாப் படுக்கும் வரைக்கும் நிக்காத பாட்டு! நீ படிப்பை விடும் வரைக்கும் நான் வாய் திறக்க மாட்டன். கதையாத ஆளை எப்பிடி ஆராயிறாய் எண்டு பாப்பம்!"

கீர்த்தனி மெல்லச் சிரித்தாள். பயத்தை மறைக்கிறாள் என்று சிவரூபன் எடுத்துக்கொண்டான். இரண்டாம் ஆண்டுக்குப் பதிய வெள்ளிக்கிழமை கடைசி நாள். கணவனின் சம்மதம் இல்லாமல் பதிய மாட்டேன் என்று அவளே சொல்லியிருந்தாள். வெள்ளி வரைக்கும் வாயைப் பூட்டினால் போதும், சனிக்கிழமை குசினி மறுபடியும் அவள் கையில்!

முதல் நாள் சுகமாகத்தான் போனது. வீட்டில் சொல்லாத சொல்லெல்லாம் தேங்கி நின்று வேலைத்தலத்தில் பீறிட்டதுதான் தொல்லை. கோதுமை ஏற்றி வந்த கப்பல் ஒன்றின் கப்டனிடம், எந்த இடத்தில் நங்கூரம் போட வேண்டும் என்று சொன்ன கையோடு, சாப்பிட்டாச்சா என்றும் விசாரித்துவிட்டான்.

மறுநாள் கீர்த்தனி கைபேசியும் காதுமாக வந்து நின்றாள்.

"அம்மா ஒரு மாதம் வந்து நிக்கட்டோ எண்டு கேக்கிறா."

சிவரூபன் அவசரமாகத் தலையை ஆட்டினான். அங்கேதான் வந்தது வினை. எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்பதற்கும் தலை இடமும் வலமும் ஆடும். சந்தோசமாக ஓம் என்பதற்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆடும். கழுத்து எவ்வளவு சாய்கிறது என்பதில்தான் வித்தியாசம். சிவரூபனுக்கோ கழுத்துப் பிடிப்பு.

"அம்மா, தலையாட்டிறார். வரட்டாம்!"

அவன் பதறிப்போய் இரண்டு கைகளையும் தூக்கினான்.

"ரெண்டு கையாலயும் வரவேற்கிறார் அம்மா!"

அன்று பின்னேரமே மாமியார் கட்டைபறிச்சானிலிருந்து ஒரு சாக்கு மரவள்ளிக்கிழங்கோடு வந்து இறங்கினார். சிவரூபனின் சாய்மனைக் கதிரை கைமாறியது. ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல்லால் விரதம் குலைந்துவிடுமே! பல்லைக் கடித்துக்கொண்டு கிழங்கைத் தின்றான்.

வெள்ளிக்கிழமை காலை கீர்த்தனி வடிவாகச் சேலை உடுத்து, சாட்சிக்குத் தாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவன் முன்னால் வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, பதிவுக்கு இண்டைக்குத்தான் கடைசி. உங்கட விருப்பம் இல்லாமல் நான் போக மாட்டன். நான் படிப்பை விடக்கூடாது, அப்பிடித்தானே?"

சிவரூபன் உஷாரானான். மேலும் கீழும் ஆட்டினால், 'ஓம், விடக்கூடாது.' இடமும் வலமும் ஆட்டினால், 'இல்லை, விடக்கூடாது.' எந்தப் பக்கம் ஆட்டினாலும் படிப்பு நடக்கும்! தலையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"பாவம் மருமகன்," என்றார் மாமியார். "பெண்சாதி படிக்கிறதில எவ்வளவு சந்தோசம், கண் கலங்கிறார்."

இதற்கு மேல் எந்த மனிதனால் பொறுக்க முடியும்?

"விடு!" என்று அலறினான். முற்றத்துக் காகமெல்லாம் எழும்பிப் பறந்தது.

"சரியப்பா, விட்டிட்டன்," என்றாள் கீர்த்தனி. "இனி இந்தக் கதையே எடுக்க மாட்டன். அம்மா, கதவைச் சாத்துங்கோ, நான் பதிஞ்சிட்டு வாறன்."

"கதையை இல்லையடி! படிப்பை! படிப்பை விடு எண்டனான்!"

"நான் படிப்பை விடும் வரைக்கும் வாய் திறக்க மாட்டன் எண்டது ஆர்? நீங்கள்தானே? இப்ப திறந்திட்டீங்கள். பிறகேன் நான் விட வேணும்?"

சிவரூபனுக்குள் அடைபட்டுக் கிடந்த சத்தமெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. சொதியிலிருந்து மரவள்ளிக்கிழங்கு வரைக்கும் எல்லாவற்றையும் தொட்டு, தெருமுனை வரை கேட்கக் கத்தினான். கீர்த்தனி ஆறுதலாகக் கைபேசியை எடுத்து, தன்னோடு படிக்கிற கிண்ணியா நப்லாவை அழைத்தாள்.

"நப்லா, கதையாத ஆளைக் கவனிச்சு எழுதச் சொல்லி வகுப்பில தந்த என்ர ஒப்படை முடிஞ்சுது. நீ உன்ர ஒப்படைக்குக் கத்துற ஆள் ஒருத்தரைத் தேடித் திரிஞ்சனியெல்லே? கெதியா வா, இப்பதான் தொடங்கியிருக்கிறார்."