வரிசையை விட்டுப் போகாத மாமனார்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, தங்கள் ஒரே மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு என்னைத் தவிர அனைவரும் சுகம். அங்கு அத்தையும் தங்கள் முழங்காலும் சுகமாக இருப்பதாக நம்புகிறேன்.

நீங்கள் மூன்று பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போய் இன்றோடு நான்கு நாட்கள் ஆகின்றன. பதினோரு முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். ஆகவே, நீங்கள் ஃபிரிட்ஜ் மேல் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியை அனுப்பும் சாக்கில் இந்தக் கடிதத்தையும் அதே அட்டைப்பெட்டியில் வைக்கிறேன். கண்ணாடிக்கு ஒரு கீறலும் இல்லை. அன்று முழங்காலைக் காட்டக் கிளினிக்குக்குக் கிளம்பும் முன் செய்தித்தாளைப் படித்துவிட்டு எங்கே வைத்தீர்களோ அங்கேயே, அதே தாளின் மேல் இருந்தது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று தடவையும் "கம்ப்யூட்டர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அன்றே விளக்கியிருந்தால் இந்த வினை வந்திருக்காது. அந்தக் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற மிஷினுக்கு ப்ரோகிராம் எழுதியது நான்தான். அதற்குள் ஒரு வரிசை உண்டு. வரிசைக்குள் ஆள், ஆளுக்குள் விவரம், விவரத்துக்குள் இன்னொரு விவரம் என்று டப்பாவுக்குள் டப்பாவாகப் போய்க்கொண்டே இருக்கும். டாக்டர் பார்த்து முடித்த ஆள் வரிசையை விட்டுப் போக வேண்டும், போகாமல் அங்கேயே நின்றார். ஏன் என்று தெரியவில்லை. கம்ப்யூட்டரிடம் வரிசையைக் காட்டச் சொன்னால், வாயில் நுழையாத நம்பர் ஒன்றைக் காட்டிவிட்டுக் கம்மென்று இருந்துவிடும். அதனால் எங்களைப் போன்றவர்கள் சொந்த உபயோகத்துக்கென்று ஒரு குட்டி ப்ரோகிராம் எழுதி வைத்துக்கொள்வோம். என்னுடையதற்கு 'எட்டிப்பார்' என்று பெயர். கூப்பிட்டால் போதும், எல்லா டப்பாவையும் திறந்து, உள்ளே இருப்பதை வரி வரியாக அச்சடித்துக் காட்டும். ஆள் வந்த காரணத்தைப் 'பயன்' என்றும், திறந்த டப்பாக்களின் எண்ணிக்கையைப் 'பெட்டிகள்' என்றும் போடும். ஒன்றும் இல்லாவிட்டால் 'காலி' என்று போடும். போக வேண்டிய ஆள் நின்றுகொண்டிருந்தால், என் கண்ணில் படவேண்டுமே என்பதற்காகக் கொஞ்சம் காட்டமாக ஒரு வரி போடும். அந்த வரியை எழுதிய அன்று எனக்குக் காலையிலிருந்தே மண்டையிடி.

சோதித்துப் பார்க்க ஒரு பொய் நோயாளி வேண்டியிருந்தது. எதிர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். கை தன்பாட்டுக்கு 'மாமனார்' என்று தட்டிவிட்டது. சத்தியமாக வேறு காரணம் கிடையாது மாமா. எதிரில் பூந்தொட்டி இருந்திருந்தால் பூந்தொட்டி என்று தட்டியிருப்பேன். ஒருவழியாகத் தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன். வேலை முடிந்ததும் எட்டிப்பாரை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும். பதினாறு இடத்தில் எடுத்தேன். பதினேழாவது என்று ஒன்று இருந்ததை மறந்தேன், வரிசையின் தலைமாட்டில் நின்ற மாமனாரையும் மறந்தேன். அப்படியே கிளினிக்குக்கு அனுப்பியும் விட்டேன். போதாக்குறைக்கு, "முழங்காலைக் காட்ட அங்கேயே போங்க மாமா, நம்ம மிஷின் வேலை செய்யற அழகையும் பார்த்துட்டு வாங்க" என்று உங்களைப் பெருமையாக அனுப்பியதும் இந்த மாப்பிள்ளைதான்.

என் அறையில் எட்டிப்பார் சொல்வதெல்லாம் என் திரையில் வரும். கிளினிக்கில் திரை ஏது, டோக்கன் அச்சடிக்கிற மிஷின்தானே இருக்கிறது. யார் பொத்தானை அமுக்கினாலும் முழ நீளத்துக்குச் சீட்டு வந்திருக்கிறது. பத்து மணிக்கு வரவேற்பறைப் பெண் போன் செய்து, "சார், யாரு சார் அந்த மாமனாரு? காலையிலேர்ந்து போகவே மாட்டேங்கறாரு" என்று நிதானமாகக் கேட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடலாம் என்று கதவைத் திறந்தால் வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள். உங்கள் சீட்டை மேசையில் வைத்தீர்கள். 'மாமனார். வயது: காலி. பயன்: காலி. பெட்டிகள்: மூன்று. டாக்டர் பார்த்தாயிற்று. இவர் ஏன் இன்னும் போகவில்லை? யார் இவரை உள்ளே விட்டது?' பிறகு, "இதுக்கு மேல நான் இங்க உட்கார்ந்திருந்தா நல்லா இருக்காது மாப்பிள்ளை" என்றீர்கள். அரை மணியில் பஸ் ஏறிவிட்டீர்கள். நான் சீட்டை மறுபடி மறுபடி படித்துக்கொண்டு நின்றுவிட்டேன், இல்லாவிட்டால் காலில் விழுந்தாவது நிறுத்தியிருப்பேன்.

சாயங்காலம் உங்கள் மகள் வேலையிலிருந்து வந்து சீட்டைப் படித்தாள். "சோதனை பண்ண எங்கப்பாதான் கிடைச்சாரா? உங்கப்பாவைப் போட்டுப் பார்க்க வேண்டியதுதானே" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. நான்கு நாளாகத் தட்டு மேசைக்கு வருகிறது, பேச்சு வரவில்லை.

ஒன்றை வெட்கம் விட்டுச் சொல்லிவிடுகிறேன். எதிர் நாற்காலி காலியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. "அஞ்சு எழுத்து, நடுவுல ழ வருது, சொல்லுங்க மாப்பிள்ளை" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க ஆளில்லாமல் எனக்கு வேலையே ஓடவில்லை. நீங்கள் திரும்பி வர வேண்டும். உள்ளே இருப்பதை முழுக்க வெளியே கொட்டினால்தான் கோளாறு தீரும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். ஆகவே மிச்சத்தையும் கொட்டிவிடுகிறேன். தினமும் சதுரங்கத்தில் நான் ஜெயித்தேன் அல்லவா, நீங்கள் அத்தையுடன் போனில் பேச பால்கனிக்குப் போகும்போதெல்லாம் உங்கள் யானையை ஒரு கட்டம் தள்ளி வைத்தேன். ஒன்பது ஆட்டத்திலும் வைத்தேன். "வயசாயிடுச்சு, கணக்கு தப்புது" என்று நீங்கள் வருத்தப்பட்டபோது நான் ஆறுதலும் சொன்னேன். இப்போது உள்ளே ஒன்றும் இல்லை மாமா. காலி.

அத்தைக்கு என் வணக்கங்கள். வீட்டுத் தோட்டத்துக்கும் என் விசாரிப்புகள்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்புக்காக வரிசையில் நிற்கும்
மாப்பிள்ளை

பின்குறிப்பு (அட்டைப்பெட்டியின் மேல், கண்ணாடி இல்லாமலே தெரியும்படி கொட்டை எழுத்தில்): மாமா, கூரியர்காரர் பெட்டியை எடைபோட்டு ஒட்டி முடித்த பிறகுதான் உங்கள் மகள் அத்தையின் போனில் உங்களைப் பிடித்தாளாம். வந்து என்னிடம் பேசினாள், சிரிக்கவும் சிரித்தாள். தண்ணீர் மோட்டார் நிற்காமல் ஓடி வீடெல்லாம் வெள்ளம் என்று அத்தை கூப்பிட்டதால்தான் கிளம்பினீர்களாமே. கண்ணாடி இல்லாததால் சீட்டைப் படிக்கவே இல்லையாமே, ஏதோ விளம்பரம் என்று மேசையில் போட்டீர்களாமே. கூப்பிடுவது யாரென்று தெரியாமல்தான் போனையும் எடுக்கவில்லையாமே. வியாழக்கிழமை வருகிறீர்கள் என்று கேட்டு மகிழ்ச்சி. ஒட்டியதைப் பிரிக்க முடியாது என்று கூரியர்காரர் ஒற்றைக்காலில் நிற்கிறார். எனவே கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு, கூட இருக்கும் தாளைப் படிக்காமல் கிழித்துப் போட்டுவிடுங்கள். அத்தையையும் படிக்கச் சொல்ல வேண்டாம். அதில் சதுரங்கத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை.