ஸ்டோர் ரூம் காளிதாஸ்

எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் முதல் காரியமாக அதற்கு ஒரு பூட்டு தேடுகிற மனிதர்கள் உண்டு. இவர்களைப் பத்திரவான்கள் என்று வைத்துக்கொள்வோம். கெட்டவர்கள் இல்லை, பாவம். தொட்டால் தேய்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள், அவ்வளவுதான்.

அசல் பத்திரவானைப் பார்க்க வேண்டுமானால் 1994-ல் நீங்கள் மைசூருக்கு வந்திருக்க வேண்டும். அங்கே நான் படித்த ஒரு பழம்பெரும் சினிமாப் பள்ளி. படம் எடுத்துத்தான் படம் கற்கவேண்டும், புத்தகம் படித்து ஆகாது என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். நல்ல கொள்கைதான். ஆனால் கேமராவும் லென்ஸும் இருந்த ஸ்டோர் ரூம் சாவி, கொள்ளேகால்காரர் காளிதாஸின் இடுப்பில் அல்லவா இருந்தது?

கேமரா ஸ்டாண்டு கேட்டால் வாத்தியார் கையெழுத்து எங்கே என்பார். கையெழுத்தோடு போனால் முத்திரை எங்கே என்பார். முத்திரையும் குத்திக்கொண்டு போனால் மானத்தை அண்ணாந்து பார்த்து, மழை வர்ற மாதிரி இருக்குதுங்க, சாயங்காலம் வாங்க என்பார். சாயங்காலம் ஸ்டோர் பூட்டியிருக்கும். கீறல் விழுந்த ஒரு பழைய லென்ஸ் மட்டும் எப்படியோ தப்பித்து மாணவர் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதை அவர் தலைமுழுகிவிட்டார். அவருடைய உயிரெல்லாம் மேல்தட்டில் வெல்வெட் பெட்டிக்குள் இருந்த ஜெர்மனி லென்ஸில். வந்து எட்டு வருஷம், ஒரு நாள்கூட வெளியே வந்ததில்லை.

கடைசி வருஷ மாணவி மோகனப்ரியா அதைக் கேட்டாள். அவளுடைய பரீட்சைப் படம் சித்தாள் மல்லம்மாவைப் பற்றியது. கேமரா கிட்டே வந்தால் மல்லம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தூரத்தில் நின்றே முகத்தை இழுத்துக் காட்ட அந்த லென்ஸ்தான் வேண்டும். மறுநாள் மல்லம்மா வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறாள். முகம் இல்லாவிட்டால் படம் இல்லை, படம் இல்லாவிட்டால் டிப்ளமா இல்லை. காளிதாஸ் அசைந்தாரா? மூன்று கடிதம் கேட்டார். கடைசியில் பிரின்ஸிபாலே வந்து நின்ற பிறகுதான் சாவி இடுப்பை விட்டு இறங்கியது.

பெட்டியைத் திறந்தார். கண்ணாடிக்குள் வெள்ளை நூலாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. காற்று படாமல் மூடியே கிடந்தால் லென்ஸுக்கு அதுதான் கதி. கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. எனக்கே மனசு கேட்கவில்லை.

“யாருமே தொடலீங்களே அம்மணி” என்றார்.

“அதனாலதான் சார்” என்றாள் மோகனப்ரியா.

கீறல் லென்ஸைத் தூக்கிக்கொண்டு, மல்லம்மா வேலை செய்த அக்ரஹாரத்துக் கட்டடத்துக்கு ஓடினாள். வேறு வழியில்லாமல் மூக்கில் இடிக்கிற மாதிரி கேமராவைக் கொண்டுபோனதில் மல்லம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்குத்தான் டிப்ளமா கிடைத்தது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று: உங்கள் வீட்டு ஷோகேஸில் விருந்தாளிக்கென்று பூப்போட்ட பீங்கான் கோப்பை ஆறு இருக்கிறதே, போன வாரம் நான் வந்தபோது எவர்சில்வர் டம்ளரில்தானே காப்பி கொடுத்தீர்கள்?