எந்த விசேஷத்துக்கும் பொருந்தும் பீர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் எந்த விசேஷத்துக்கும் பொருந்துகிற ஒரே பீரைக் கண்டுபிடிக்க, ஆம்பூர் ஷூ கம்பெனி மேனேஜர் கோபிநாத் பிறந்து வரவேண்டியிருந்தது. இதை உலகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பொறாமைதான், வேறென்ன.

விஷயம் இதுதான். ஃபேக்டரியைப் பார்க்க ஜெர்மனியிலிருந்து, மொத்தமாக ஷூ வாங்கும் பையர் அம்மாள் ஒருவர் வருவதாக இருந்தது. அவர் ஆர்டரில் கையெழுத்துப் போட்டால் கோபிநாத்துக்கு ஜெனரல் மேனேஜர் நாற்காலி என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். "பீருக்குப் பேர்போன ஊர்க்காரங்க. விருந்துல குறை வரக்கூடாது" என்றும் சொல்லியிருந்தார். அந்த நாற்காலியில் கோபிநாத் கனவில் உட்கார்ந்தே பார்த்துவிட்டார். அது நன்றாகச் சுழன்றது.

உடனே "பானத் தேர்வு உயர்மட்டக் குழு" உதயமானது. தோல் தரம் பிரிக்கும் ஜான் பாஷா அதன் தலைவரானார்.

"சார், நான் அத்தத் தொட்டதே இல்ல."

"அதனாலதான் பாய் நீங்க. குடிக்கிறவன் நடுநிலையா இருக்கமாட்டான்."

குழு என்பது இந்த இருவர்தான். ஆர்டர் கிடைத்தால் கொண்டாடவும், கேன்சலானால் ஆறுதல் சொல்லவும், பிரியாணிக்குப் பக்கத்திலும் பிறந்தநாள் கேக்குக்குப் பக்கத்திலும் கூச்சமில்லாமல் நிற்கவும் ஒரே பீர் வேண்டும் என்று "கொள்கை அளவில்" முடிவானது. கறுப்பு ஷூ மாதிரி. கல்யாணத்துக்கும் போடலாம், துக்கத்துக்கும் போடலாம்.

அந்த நேரம் பார்த்துத் தையல் பிரிவு கலையரசி வந்து நின்றாள்.

"சார், குடிதண்ணி மெஷின் ரிப்பேராகி மாசக்கணக்காவுது. குழாய்த் தண்ணி ஒரே உப்பு, வாயில வெக்க முடியல. பொண்ணுங்களுக்கு வயித்தால போவுது."

"பானம் பத்தின மீட்டிங்தாம்மா நடக்குது. உங்க விஷயமும் வரும்" என்றார் கோபிநாத் கனிவாக. பாஷா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பாய், ஒரு நேரத்துல ஒரு திரவம்" என்று அவரை அடக்கிவிட்டார்.

கொள்முதலுக்குக் கோபிநாத்தே ஹைவே ஓரத்து ஒயின்ஷாப்புக்கு எழுந்தருளினார்.

"எந்த விசேஷத்துக்கும் பொருந்துற மாதிரி ஒரு பீர் வேணும்."

கம்பிக்குப் பின்னால் இருந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார் பேஜார் பண்றீங்க. கூலிங் கீது, கூலிங் இல்லாதது கீது. எது?"

"பிராண்டு?"

"ரெண்டும் ஒரே பிராண்டுதான்."

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, வரலாற்றுச் சிறப்புமிக்க "கூலிங்" தேர்வானது. ஃபேக்டரிக்கு வந்து சேர்ந்ததும் பாஷா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி, தோலைப் பார்க்கிற அதே கண்ணால் பார்த்தார். "ஷேடு ஈவனா இருக்கு. டேமேஜ் இல்ல. ஏ கிரேடு." குழு பலத்த கரவொலி எழுப்பியது, அதாவது கோபிநாத் கைதட்டினார்.

அம்மாள் வந்தார். ஷூக்களைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தார். தொழிலாளர்களோடு கேன்டீனில்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்து, பிரியாணியை ஒரு கை பார்த்தார். காரம் ஏறிக் கண் கலங்கியது. கோபிநாத் ஐஸ் வாளியிலிருந்து பீரை எடுத்துப் பணிவாக நீட்டினார்.

"நான் பீர் குடிப்பதில்லை. கொஞ்சம் தண்ணீர்?" என்றார் அம்மாள் இங்கிலீஷில்.

எல்லாவற்றையும் யோசித்த உயர்மட்டக் குழு மேசையில் தண்ணீர் வைக்க யோசிக்கவில்லை. மூலைக் குழாயில் கலையரசி, வேறு வழியில்லாமல், பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மாள் டம்ளரோடு அவளிடம் போனார். பிடித்தார். டம்ளர் உதட்டருகே போனது.

அந்த நொடியில் கோபிநாத்தை இங்கிலீஷ் கைவிட்டது. "ஐயோ மேடம், வேணாம்! அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க, வயிறு கெட்டுடும்!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து டம்ளரைப் பிடுங்கினார். ஓர் உயிரைக் காத்த இந்தத் தீரத்தைப் பாராட்ட வார்த்தை உண்டா? கேன்டீனே சாப்பாட்டை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் அம்மாள். பாஷாவை இந்த முறை யாரும் அடக்கவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். அம்மாள் கலையரசியின் பாட்டிலைப் பார்த்தார், கோபிநாத்தைப் பார்த்தார், ஆர்டரில் கையெழுத்துப் போட மேசையில் எடுத்து வைத்திருந்த பேனாவைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

கலையரசி குழாயை மூடினாள்.

"அவங்க வயிறு கெட்டுடும்னு ஓடியாந்தீங்களே சார், எங்க வயிறு மட்டும் இன்னா, எக்ஸ்போர்ட் குவாலிட்டியா?"