சிக்னல் நானாவும் நடு வீடும்

கரைத்தீவில் எங்கள் ஒழுங்கையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று யாரும் சொல்வார்கள். வைஃபை எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்லக்கூடியவர் உலகத்திலேயே சிக்னல் நானா ஒருவர்தான். ஃபிரிட்ஜ் திருத்துவது அவர் தொழில். தன் வீட்டு வைஃபையை ஒழுங்கை முழுக்கக் கொண்டுபோவது அவர் வாழ்க்கை. பாஸ்வேர்டை ஊருக்கே கொடுத்திருந்தார்.

இரண்டு வீடு தள்ளியிருந்த ஜெமீலா ராத்தா, தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு அவருடைய வாசலில் வந்து நின்றுதான் குவைத்திலிருக்கும் மகளை ஃபோனில் முகம் பார்த்துக் கதைப்பார். ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து ராத்தாவுக்குக் கால் முறிந்தது. அவர் கட்டிலோடு கிடந்த வாரம் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. ஃபோன் டேட்டாவில் படம் சுற்றிக்கொண்டே நின்றது. கட்டில் வரைக்கும் வைஃபையும் எட்டவில்லை.

"கவலப்படாதீங்க ராத்தா, கட்டிலுக்கே அனுப்புறன்," என்றார் நானா.

முதலில், சிக்னல் ராத்தா பக்கம் திரும்பட்டும் என்று ரவுட்டருக்குப் பின்னால் அலுமினிய மூடி ஒன்றை நிறுத்தினார்.

"சோத்துச் சட்டி மூடி எங்க?" என்று மனைவி கேட்டார்.

"அது வேலைக்குப் போயிருக்கு."

அது சரிவரவில்லை. ரவுட்டரை வாளிக்குள் வைத்து முருங்கை மரத்தில் ஏற்றினார். அன்றைக்குக் களப்பில் மீன்பிடித்துக் கரையேறிய ஒருவர், "நானா, தோணியில நாலு கோடும் முழுசா வந்திச்சு!" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். ராத்தாவின் கட்டிலில் ஒரு கோடுகூட இல்லை.

கடைசியில், சிக்னலை வாங்கி முன்னால் தள்ளிவிடும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். அதை நடுவிலிருக்கும் ஃபலீல் வீட்டில்தான் வைக்கவேண்டும். மதில் தகராறில் நானாவும் ஃபலீலும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. நானா பெட்டியோடு மூன்று தடவை ஃபலீலின் கேட் வரை போய்த் திரும்பினார். நான்காம் தடவை துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"சலாம் சொல்ல வந்தீங்களா, சிக்னலுக்கு வந்தீங்களா?" என்றார் ஃபலீல்.

"ரெண்டுக்கும்தான். ராத்தா பேரப்புள்ளைய இன்னும் பாக்கல்ல."

ஃபலீல் பின்பக்கம் போய் ஏணியை எடுத்துவந்து சுவரில் சாத்தினார். நான் அடியில் பிடித்துக்கொண்டேன். நானா ஏறி, பெட்டியை ஜன்னலுக்கு மேலே கட்டினார். கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டிலிருந்து ராத்தாவின் குரல் கேட்டது.

"அல்லாஹ்! மூக்கு அப்படியே என்ட மூக்கு!"

நானா இறங்கவில்லை. "வயரக் கொஞ்சம் பாத்திட்டு வாறன்," என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வயரில் ஒரு குறையும் இல்லை. அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. கையை விட்டால் மனிதர் விழுந்துவிடுவாரே என்று, ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.