நண்டு மூட்டையும் ஏறாத கடலும்

எனக்கு மெஷின் என்றாலே ஆகாது. அதிலும் என்னைவிட ஒழுங்காக வேலை பார்க்கும் மெஷினைக் கண்டால் எரிச்சல் உச்சிக்கு ஏறிவிடும். அந்த எரிச்சலில் ஒரு தடவை கடலையே பாதியில் நிறுத்தியவன் நான்.

எழுபதுகளில் கேம்பல் பே என்ற தீவுத் துறைமுகத்தில் கடல்மட்டம் பார்க்கும் தற்காலிக வேலை எனக்கு. கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியின் தூணில் அடித்திருந்த அளவுப் பலகையை மணிக்கொரு தரம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். திடீரென்று கப்பலில் ஒரு புது மெஷின் வந்து இறங்கியது. ஜெட்டியோரம் பெரிய இரும்புக் குழாய், அதற்குள் ஒரு மிதவை. கடலோடு மிதவை ஏறி இறங்க, மேலே சுழலும் தாளில் பேனா தானாகக் கோடு போடும். எனக்கு மிச்சம் வைத்த வேலை ஒன்றுதான். தினம் ஒரு தடவை பலகையைப் பார்த்து, கோடு சரிதானா என்று ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவது.

(நான் என்ன அந்தக் குழாய்க்கு எடுபிடியா?) பலகைப் பக்கமே போகாமல், பேனா காட்டியதையே எழுதி, 'சரி' என்று கையெழுத்துப் போட்டு வந்தேன்.

அப்போது மெயின்லேண்டிலிருந்து அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. என் வேலை நிரந்தரமாவது அவர் கையில். விருந்து வைக்க ஒரு மூட்டை நண்டு பிடித்தேன். கப்பலோ நான்கு நாள் தாமதம். நண்டு உயிரோடு இருக்க வேண்டும், எவனும் திருடவும் கூடாது. அலை அடிக்காத, பூட்டுப் போட்ட கடல் அந்தத் தீவிலேயே ஒன்றுதான் இருந்தது. கடல் வற்றியிருந்த நேரம் பார்த்து, மூட்டையைக் கயிற்றில் கட்டி, மிதவைக்கு மேலே, குழாயின் பாதி உயரத்தில் தொங்கவிட்டேன். (மூளை, மூளை!)

அதிகாரி வந்தார். காலையிலேயே போய் விருந்துக்கு வேண்டிய நண்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திரும்ப இறக்கிவிட்டேன். மத்தியானம் மெஷின் தாளும் கையுமாக என் வீட்டுக்குள் அவர் நுழைந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"நாலு நாளா கடல் பாதிக்கு மேல ஏறவேயில்லய்யா! மெஷின் கோளாறுன்னு நெனச்சேன். உம்ம பலகைக் கணக்கும் அதேதான் சொல்லுது. ரெண்டு சாட்சி! அடியில தரை எழும்பியிருக்குமோ என்னமோ. காரணம் தெரியற வரைக்கும் இங்க கப்பலே வந்து நிக்கக் கூடாதுன்னு வயர்லெஸ் குடுக்கப் போறேன்."

கப்பல் வராவிட்டால் தீவுக்கே அரிசி இல்லை. வாயைத் திறந்தால் எனக்கு வேலை இல்லை. அவரை இலை முன் உட்காரவைத்து, மனைவியை நண்டு பரிமாறச் சொன்னேன்.

"நண்டு பிரமாதம்மா. மெட்ராஸ்லகூட இவ்வளவு உசிரோட கெடைக்காது" என்றார் அவர், அந்தக் கவலையிலும்.

என் மனைவி பூரித்துப் போனாள். "நாலு நாளா அந்தக் கடல் குழாய்க்குள்ளயே தொங்கவிட்டு வச்சிருந்தாக சார்!"

அதிகாரி நண்டுக் காலை இலையில் வைத்தார்.

"பலகையைப் பாத்தீரா?"

"இல்ல சார்."

"நாலு நாளுமா?"

"மெஷின் வந்ததுலேருந்தே சார்."

அவர் கத்தவில்லை. (மிச்ச நண்டையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.) ஜெட்டிக்குப் போய் மூட்டையைத் தூக்கினோம். மிதவை எம்பியது. பேனா சரேலென்று தன் இடத்துக்கு ஏறியது. தாளில் சிவப்பு மையால் எழுதினார்: 'நான்கு நாள். கடல் காரணமல்ல. நண்டு.'

"கடல் ஏறுதா இறங்குதான்னு ஒரு வருஷத்துல தெரியாதுய்யா. அம்பது வருஷம் கழிச்சு எவனாவது இந்தத் தாளை எடுத்துப் பார்ப்பான். அவன்கிட்டயும் நீர் பொய் சொல்லியிருக்கீர்" என்றார். அந்த வார்த்தை இன்னும் உறைக்கிறது.

வேலை நிரந்தரமாக மூன்று வருஷம் கூடுதலாக ஆனது. அதுகூடப் பரவாயில்லை. இன்றைக்கும் அடுப்பை அணைத்தாயிற்று, கதவைப் பூட்டியாயிற்று என்று நான் எதைச் சொன்னாலும் என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்கிறாள்:

"பலகையைப் பாத்தீகளா?"

முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய்ப் பார்க்கிறேன். பாதி நாள் கதவு திறந்துதான் கிடக்கிறது.